புறங்காலில் ஒரு பேனாக் குறி

காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அறுபட்டால் ஆறு மணி நேரத்துக்குள் ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அறுவை அரங்கில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதி மனப்பாடம். அக்கா தம்பியின் காலைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. இரண்டும் ஒரே நாளில் உடைந்தன. தம்பியின் புறங்காலில் நீல மையால் போட்ட பெருக்கல் குறியை நினைத்தால் என் விரல் நுனி இன்றும் சில்லிடுகிறது.

அவன் விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்ப்பவன். புரட்டாசி கடைசி நாள் காலையில், சாலையில் ஆடுகளை விலக்கப் போனவனை லோடு ஆட்டோ தட்டியது. முழங்கால் மூட்டு விலகியது. ஊர்க்காரர்கள் நாலு பேர் இழுத்து அதை இடத்தில் பொருத்திவிட்டார்கள். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் ஒருவருக்கும் பயமும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். தம்பி மனைவி பாதத்துக்கு உப்புக் கிழி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டு ஏறிட்டு மைனி. கால்தான் ஐஸா கெடக்கு, சூடு காட்டுதேன்."

ரத்தம் கிடைக்காத சதைக்குச் சூடு ஆகவே ஆகாது. கிழியைத் தட்டிவிட்டுப் பாதத்தைப் பிடித்தேன். காலை இழுக்கப் பார்த்தான், விரல்கூட அசையவில்லை. "யக்கா, காலத் தொடாத. பாவத்த என் தலையில ஏத்தாத." நாடி துடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இரண்டு மருத்துவர்கள், இரண்டு வழிகள். இளையவர், தொடை வழியே கம்பி செலுத்தி, ரத்தக் குழாய் கிழிந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் வைத்துவிடலாம் என்றார். வெட்டுவது குறைவு, நேரமும் மிச்சம். பெரியவர், திறந்து, மறு காலிலிருந்து சிரையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும் என்றார். "முட்டிக்குப் பின்னால வைக்கிற குழாய் மடங்கி மடங்கி நசுங்கும். இவரு குத்தவச்சுப் பால் கறக்கிறவரு." நைந்த முனைகளை இழுத்து நேராகத் தைத்தால் தாங்காது என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை.

பிறகு என்னைப் பார்த்தார்கள். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர்."

எல்லாம் தெரிந்தவளுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. இரண்டு முறைக்கும் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் பிறகு, வெட்டியெடுத்துப் பச்சைத் துணியில் சுற்றிய காலைக் கையில் வாங்கியும் இருக்கிறேன். ஆறு மணி நேரம் எப்போதோ கழிந்திருந்தது. "திறங்க" என்றேன்.

வீங்கும் சதைக்கு இடம் விட்டுக் கெண்டைக்காலையும் கீறி, அவனை வெளியே கொண்டுவந்தார்கள். இளையவர் ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கும் கருவியைப் புறங்காலில் வைத்துத் தேடி, மெல்லிய இரைச்சல் கேட்ட இடத்தில் பேனாவால் குறி போட்டார். "சத்தம் இருக்கு. கைக்குத் துடிப்பு வரணும்." எங்கள் அரங்கில் அந்தத் துடிப்புக்குப் 'பதில்' என்று பெயர். பதில் வராவிட்டால் மறுபடி திறக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் பச்சைத் துணி. குறியின் மேல் விரல் வைத்து உட்கார்ந்தேன். அவ்வப்போது துடித்தது. அந்தக் கையின் மணிக்கட்டை மறு கையால் பிடித்துப் பார்த்தால், அதே தாளம்; துடித்தது என் விரல்தான்.

இப்போது தம்பி லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறான். நான் போனதும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிவிடுவான். "வந்துட்டியா, நாடி சோசியக்காரி!" பாவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மை என்றோ அழிந்துவிட்டது. இடம் எனக்குத் தெரியும். முதல் துடிப்பு படும்வரை மூச்சு விட மாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். விடிந்த பிறகு, என் மணிக்கட்டோடு சேராத ஒரு துடிப்பு குறிக்கு அடியிலிருந்து வந்து விரலில் முட்டியது. ஐப்பசி முதல் தேதி.