படிக்கட்டு விழுங்கிய அறை

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் வீட்டு வரைபடம் கீறிப் பிழைத்தவன் நான். கொழும்பில் இருப்பது போல ஒரு மாடிக் குடியிருப்பு வேண்டுமென்று புடவைக் கடைக்காரர் ஒருவர் வந்து நின்றபோதே எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள், இருந்ததோ ஒரேயொரு வளவு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். கொடுத்த பிறகு பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்க வேறு நிலமில்லை என்பதால், கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டித் தனக்கும் மனைவிக்கும் ஓர் அறை கேட்டார். எதை விட்டாலும் அதை விட்டுவிட வேண்டாம் என்றார்.

மருமக்கள் ஏறி இறங்கும்போது மனைவியின் சகோதரிகள் எதிர்ப்படக் கூடாதாம். மூன்று வீட்டுக்கும் மூன்று படிக்கட்டுக் கீறிப் பார்த்தேன், வீட்டைக் காணவில்லை. மன்றாடி ஒன்றுக்கு இறக்கி, நடுவில் மறைப்புச் சுவர் வைத்தேன். மூத்தவளுக்குக் கிணற்றுப் பக்கம் வாசல், இரண்டாமவளுக்குப் பெரிய மண்டபம் என்று ஒவ்வொரு தரமும் அந்த அறைதான் தேய்ந்தது. கட்டில் போட இடமிருந்தால் போதும் என்றார் அவர். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் இளையவளின் மாப்பிள்ளை வீட்டார் கடைக்காரர் வீட்டுக்குப் படம் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா படிக்கட்டின் திருப்பத்தில் விரலை வைத்தார்.

"மேல் வீட்டில ஒரு மௌத்து நடந்தா, இதால சந்தூக்கு திரும்புமா தம்பி?"

திரும்பாது. இறந்தவரின் ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் சுமந்துகொண்டு நாலு பேர் இறங்குவதை நான் யோசிக்கவே இல்லை. படியை அகலமாக்க மிஞ்சியிருந்தது அந்த அறை மட்டும்தான். இரண்டாமவளின் மண்டபத்தைக் குறைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கூட இருந்த இரண்டாவது மருமகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அழிச்சிருங்க தம்பி," என்றார் கடைக்காரர். "புள்ளட கலியாணம் நிண்டுரப்படா."

பிளேடால் அந்த அறையின் மைக்கோடுகளைச் சுரண்டி எடுத்தேன். அவ்வளவு நாளும் ஒரு வார்த்தை பேசாத அவருடைய மனைவி, வந்தவர்கள் போன பிறகு திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"அப்ப நாங்க எங்க இருக்கிற?"

நான் மைத்தூளை ஊதிவிட்டுப் படத்தைச் சுருட்டினேன். கடைக்குப் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்றார் கணவர்.

 "ஓம், சரி," என்றார் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து.