எட்டு நாள் சொந்தக்காரர்

செல்வராசா அண்ணையைப் போலக் காகிதத்துக்குப் பயந்த மனிதரை ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நான் கண்டதில்லை. தபால்பெட்டியைத் திறக்கக்கூட மனைவி பவளம் அக்காவைத்தான் அனுப்புவார். அண்ணைக்கும் எனக்கும் யூத முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. "அண்ணை, காகிதம் என்ன கடிக்குமோ?" என்று சீண்டுவேன்.

2004 ஏப்ரல். யூதர்களின் நாட்காட்டியில் நிசான் மாதம் பதினான்கு; நமக்குப் பௌர்ணமி. அன்று மாலை பெசாக் பண்டிகை தொடங்கும். அந்த எட்டு நாளும் புளித்த, புளிக்கக்கூடிய தானியப் பண்டம் எதுவும் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. அதனால் களஞ்சியத்திலுள்ள பாண், மா, பியர் எல்லாவற்றையும் யூதரல்லாத ஒருவருக்கு எழுத்தில் விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்குவார்கள். வழக்கமாக வாங்கும் ஜெர்மன்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். காலை பத்தரைக்கு அவர்களுடைய மதகுருவான றபி, தாளும் பேனையுமாக அண்ணையிடம் வந்தார். பதினொரு மணிக்குள் விற்றாக வேண்டும்.

 அண்ணை என்னை மூலைக்கு இழுத்துப் போனார்.

"தம்பி, கொழும்பிலை என்னைப் பிடிச்சவங்கள் இப்பிடித்தான் ஒரு தாள் நீட்டினவங்கள். எல்லாம் சிங்களம். கையெழுத்து வைச்சால் விடுவம் எண்டாங்கள். வைச்சன். ரெண்டு வருசம் உள்ளுக்கை."

என் சீண்டலெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாய்ப் போயிற்று.

"நான் வைக்கட்டோ, அண்ணை?"

"வேண்டாம். என்ரை பேர் அடிச்சிருக்கு. ஏலாது எண்டால் சந்தேகப்படுவினம். நீ ஒரு வரி விடாமல் வாசி."

ஜெர்மனில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். பாண், கோதுமை மா, நூடில்ஸ், இரண்டு பெட்டி பியர். ஒவ்வொரு வரிக்கும் "வேறை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். றபி மணிக்கூட்டைப் பார்த்தாரே தவிர அவசரப்படுத்தவில்லை. பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்க அண்ணை கையெழுத்து வைத்தார். றபி களஞ்சியச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து அண்ணை ஒரு துணிப்பையுடன் வேலைக்கு வந்தார். வாசல் மணி அடித்தால் முகம் வெளிறும். பைக்குள் என்ன என்று கேட்க எனக்கே பயமாக இருந்தது.

எட்டாம் நாள் இருட்டி, பண்டிகை முடிந்ததற்கு அடையாளமாய் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் றபி எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, தாளைக் கிழித்துப் போட்டார். அண்ணை துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு துணிப்பையைத் திறந்து காட்டினார். உடுக்க ஒரு சாரம், துடைக்க ஒரு துவாய், அவர் தினமும் போடும் பிறசர் குளிசை.

"வந்து பிடிச்சால் கொண்டுபோக," என்றார்.

அடுத்த வருடமும் றபி அவரிடமே வந்தார். நான் வாசித்தேன், அவர் கையெழுத்து வைத்தார். மறுநாள் துணிப்பையும் வேலைக்கு வந்தது.