அக்கா தேர்தலில் நின்றார்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் பக்கத்து வீட்டில் துருக்கியைச் சேர்ந்த ஒரு சரித்திரப் பேராசிரியை பத்து வருடம் தனியாகக் குடியிருந்தார். சுல்தான்கள் காலத்தில் சாதாரண ஜனங்கள் அரண்மனைக்கு எழுதிப்போட்ட மனுக்களைப் படிப்பதுதான் அவர் ஆராய்ச்சி. என்னைவிடப் பெரியவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவேன். சனிக்கிழமை காலைகளில் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே கதை கேட்பேன். படைக்குப் போன கணவனைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சிய ஒருத்தியைப் பற்றிச் சொல்லும்போது அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை தேநீரை ஊற்றிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ஊர்லேருந்து ஒரு கட்சிக்காரங்க பேசினாங்க. எலெக்ஷன்ல நிக்கச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"முடியாதுன்னுதான் சொன்னேன். ஃபோனை வெச்சதுலேருந்து அந்த மனுவெல்லாம்தான் ஞாபகம் வருது. பாதிக்கு மேல யாருமே பதில் எழுதலை, தெரியுமா?"

அந்தக் கோடையில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தவளிடம் என் கணவர், "ஆறு மாசத்துல ரிட்டர்ன் ஆயிடுவாங்க பாரு. பாலிடிக்ஸ் எல்லாம் அவங்களுக்கு செட் ஆகாது" என்றார். முதல் தேர்தலில் அக்கா தோற்றார். செய்தி கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவர் திரும்பவில்லை. அடுத்த தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

அவர் பாராளுமன்றத்தில் பேசும் வீடியோக்களைச் சமைத்துக்கொண்டே ஓட விடுவேன்.

"அம்மா, யூ டோன்ட் ஈவன் அண்டர்ஸ்டாண்ட் இட்!" என்பாள் மகள்.

"குரல் கேக்குதுல்ல, போதும்."

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நாங்களும் வருடா வருடம் பேசுகிறோம். கிரீன் கார்டு வரட்டும், இவள் ஹைஸ்கூல் முடிக்கட்டும் என்று ஏதாவது வந்துவிடும். அக்கா போனபிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுகிறேன்.

போன மாதம் அக்கா வீடியோவில் கூப்பிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒரு வருஷமா ஒரு பழைய காகிதத்தைக்கூடத் தொடலை. வாசல்ல எப்பவும் ஆளுங்க" என்றார். பிறகு, "ஆவணக் காப்பகம் பக்கமா கார் போனா, திரும்பிப் பார்த்துட்டே போறேன்" என்றார்.

எப்போது வருவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.

இன்னும் இல்லை என்று சொல்லும்போதே யாரோ உள்ளே வந்து அவரை அழைத்தார்கள்.