ஒன்பதாவது குறை

மெர்லின் இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை.

பட்டப்பகல். மணி இரண்டு பத்து. குமாரபாளையத்துத் தெருவெல்லாம் தறிச்சத்தம். நம்புகிறவர்கள் நம்புங்கள், அவள் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

மூன்றரைக்கு இந்த வீட்டுக்குப் பத்திரப்பதிவு. இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஆனாலும் மெர்லின் கறார். வீட்டில் என்னென்ன குறை என்று எழுதித் தராமல் கையெழுத்துக் கிடையாது என்றுவிட்டாள்.

"ஊடு வாங்கறயா, கேஸ் நடத்தறயா?" என்று கணவன் கிறிஸ்துராஜ் கிண்டலடித்தான். விற்கிற இன்னாசிமேரியம்மா மட்டும் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். அதை ஜெராக்ஸ் எடுத்து வந்தவன் கிறிஸ்துராஜ்தான்.

எட்டுக் குறைகள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்தபடி, தனியாக மாடிக்கு வந்திருந்தாள்.

எட்டாவது: 'மாடி அறைத் தாழ்ப்பாள் தானாக விழும்.'

விழுந்துவிட்டது.

டொக்... டொக்... டொக்...

"ஏனுங்க, நீங்களா?"

"நாந்தான்..." கிறிஸ்துராஜின் குரல்.

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. தள்ளுங்க."

"நாந்தான்..."

அதே இழுப்பு. ஆனால் இந்த முறை குரல் கதவின் அடியிலிருந்து வந்தது. தரையை ஒட்டி.

அப்போதுதான் கவனித்தாள். தறிச்சத்தம் இல்லை.

கைப்பையிலிருந்த போன் அடித்தது. இரண்டு பதினான்கு.

கிறிஸ்துராஜ்.

"ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க நிக்கறேன். ஒரே கூட்டம். நீ நேரா ஆபீசுக்கு வந்துரு."

தாழ்ப்பாள் மெல்ல எழும்பியது.

கதவு திறந்தது.

யாருமில்லை.

அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிறிஸ்துராஜ் சிரிப்பான். வீடும் கைவிட்டுப் போகும். மூன்று ஐம்பதுக்குப் பதிவு ஆபீசில் கைரேகை வைத்தாள்.

"மிட்டாய் வாங்கிட்டு அஞ்சு நிமிசத்துல வாரேன்." கிறிஸ்துராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு பவானிப் பாலத்துப் பக்கம் போனான்.

இன்னாசிமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்பக்கமும் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டே, சாமி?"

"பின்பக்கமா?"

கிறிஸ்துராஜ் முன்பக்கத்தை மட்டும்தான் ஜெராக்ஸ் எடுத்திருந்தான்.

இன்னாசிமேரி அசல் தாளைத் திருப்பிக் காட்டினார்.

'ஒன்பது: மாடி அறைக் கதவு தட்டினால் பதில் பேச வேண்டாம். பேசினால், யார் குரல் கேட்கிறதோ அவர் அன்றைக்கு வீடு திரும்புவதில்லை. முதலில் என் வீட்டுக்காரர். அப்புறம் என் மகன்.'

மெர்லின் போன் போட்டாள். மணி நாலு ஏழு.

அடித்தது... அடித்தது...

எடுத்தான்.

"ஏனுங்க... எங்கிருக்கீங்க?"

"நாந்தான்..."