மூன்று ஷிப்டில் ஒரு சிம்பொனி

சிம்பொனிக் குழுவுக்குச் செயலாளராக இருப்பது என்றால் அறுபது பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைப்பது, இசையெல்லாம் அதற்கப்புறம்தான். நற்பணி மன்றம், நலச் சங்கம், குடியிருப்போர் சங்கம் என்று எதிலாவது செயலாளர் பதவியில் மாட்டிக்கொண்டவர்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

நான் முப்பது வருடம் நாளிதழ் நிருபராக இருந்தவன். இராயபுரத்தில் பதினொரு வயலினும் ஒரு சர்ச் பாடகர் குழுவும் சேர்ந்து சிம்பொனி தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒற்றைப் பத்திச் செய்திக்காகப் போனேன். செய்தி மறுநாளே வந்துவிட்டது. என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள், நான்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

முப்பது பேர் கொள்ளும் ஹால்

குழுவை நடத்துபவர் எஸ்தர் மேடம். பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்தவர். துறைமுகத்தைப் பற்றி, வாத்தியங்களும் நான்கு வகைக் குரல்களும் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி அரை மணி நேரத்துக்கு ஒரு பாட்டு எழுதியிருந்தார். பாட ஆட்கள் கிடைத்தார்கள். பழக இடம் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேருக்கு மேல் நின்றால் கதவைச் சாத்த முடியாது.

ஆண்களில் பாதிப் பேர் எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் ஷிப்ட் வேலைக்காரர்கள். காலை ஷிப்ட் முடித்தவர்கள் மாலையில் வந்து பாடுவார்கள். மதிய ஷிப்ட் ஆட்கள் காலையிலும், இரவு ஷிப்ட் ஆட்கள் தூங்கி எழுந்து மதியத்திலும் வருவார்கள். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை. இப்படியே நான்கு வருடம் ஓடியது. தான் எழுதிய பாட்டை எஸ்தர் மேடம் ஒரு முறைகூட முழுசாகக் கேட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

கருணாகரன் மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறார். எங்கள் குழுவிலேயே மிகத் தாழ்ந்த குரல் அவருடையது. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், இந்த எடத்துல பொம்பளைங்க பாடுவாங்க, நீங்க நிறுத்துங்கன்னு தெனம் சொல்றீங்கோ. அவங்க நெசமாவே கீறாங்களா?"

சும்மா இருப்பது

டிரம்பெட் வாசிக்கப் புளியந்தோப்பிலிருந்து வேலு வந்தார். கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் இரண்டுக்கும் வாசிக்கிற பேண்டில் முன்வரிசைக்காரர். அவர் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. வாசிக்காமல் இருப்பதில்தான் சிக்கல். பாட்டின் நடுவே டிரம்பெட்டுக்கு முப்பத்திரண்டு தாளவட்டம் ஓய்வு. நான்காவது வட்டத்திலேயே வேலு உள்ளே புகுந்துவிடுவார்.

"அங்கே உங்களுக்கு ஓய்வு வேலு, எண்ணிக்கிட்டுச் சும்மா இருங்க" என்றார் மேடம். வேலு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார்: "எங்க தொழில்ல பேண்டு நின்னா பொணம் நின்னுடும் மேடம். பொணம் நின்னா சொந்தக்காரன் சண்டைக்கு வந்துடுவான்."

எண்ணுவதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இசைத்தாளில் ஓய்வு வருகிற இடத்தில் தெருவை எழுதிக்கொண்டார்: ரேஷன் கடை, தண்ணித்தொட்டி, மாதா கெபி, சுடுகாட்டு கேட். மனசுக்குள் அந்தத் தெருவில் நடப்பார். கேட் வந்ததும் வாசிப்பார். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தப்பவில்லை. பாராட்டியதற்கு அவர் சொன்னது: "ரேஷன் கடையாண்ட மட்டும் கொஞ்சம் கூட்டம், அத்த சமாளிச்சிட்டா போதும்."

எதிர்க்கடை பாய்

ஹாலுக்கு எதிரே பஷீர் பாயின் டீக்கடை. வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். ஆகவே இந்த நகரத்திலேயே எங்கள் பாட்டின் எல்லாப் பகுதிகளையும் கேட்ட ஒரே மனிதர் பாய்தான். இது மேடத்துக்குத் தெரிந்த அன்று, நேராகக் கடைக்குப் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். பிறகு, நான் பத்திரிகையில் படித்த எந்த விமர்சகரும் சொல்லாத தெளிவோடு சொன்னார்: "காலைல வர்றவங்க இழுக்கறாங்க, நாயித்துக்கெழம வர்ற பொம்பளைங்க ஓடறாங்க. ரெண்டு பேரையும் ஒரே ரோட்ல வுட்டீங்கன்னா பேஜாராயிடும் மேடம்."

மாற்று டூட்டி

பாய் சொன்னதைக் கேட்டு மேடம் இரண்டு நாள் இசைத்தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், கச்சேரிக்குத் தேதி வைக்கச் சொன்னார். ஒரு சமூகக்கூடம் கிடைத்தது. ஷிப்ட் ஆட்கள் இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுப்புக் கேட்டால் எந்த அதிகாரியும் சிரிப்பார். ஆனால் ஆலைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உன் டூட்டியை நான் பார்க்கிறேன், என் டூட்டியை நீ பார். அப்படி இருபத்திரண்டு பேருக்கும் மாற்று ஆள் பிடித்தோம்.

கருணாகரனுக்குப் பதில் உட்கார ஒப்புக்கொண்டவர் மீஞ்சூர் முருகேசன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நீ போய்ப் பாடு மாமு. வாய மட்டும் அசச்சிட்டு வந்தேன்னு தெரிஞ்சிது, பொங்கலுக்கு நீதான் டூட்டி."

நாற்காலியில் ஆள்

கச்சேரி மாலை ஆறு மணிக்கு. மூன்றரைக்குக் கருணாகரன் போன் செய்தார். முருகேசன் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கிக்கொண்டார். மாற்று ஆள் வந்து உட்காராமல் கட்டுப்பாட்டு அறை நாற்காலியை விட்டு எழக்கூடாது. பாட்டின் தொடக்கமே கருணாகரன்தான். கப்பல் உள்ளே நுழைகிற மாதிரி ஒரே தாழ்ந்த ஸ்வரம், அவர் மட்டும். வேறு யாருக்கும் அவ்வளவு கீழே போகாது.

ஆறு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஆறே காலுக்குக் கைதட்டிக் கிண்டல் செய்தார்கள். பத்திரிகைக்காரன் புத்தி எனக்கு. கிடைத்ததை வைத்து அச்சேற்றலாம் என்றேன். "நாலு வருஷம் அரைகுறையாவே கேட்டாச்சு சார். இன்னிக்கு வேணாம்" என்றார் மேடம்.

ஆறரைக்கு, முருகேசன் ஒருவழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கிளம்பி, மின்ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்த கருணாகரன், காக்கிச் சட்டையோடு கடைசி வரிசையில் ஏறி நின்றார். மூச்சு அடங்கும்வரை மேடம் கையைத் தூக்கவில்லை. பிறகு தூக்கினார். அந்தத் தாழ்ந்த ஸ்வரம் கிளம்பியது. அதன்மேல் காலை ஆட்கள், மதிய ஆட்கள், மாலை ஆட்கள், பெண்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக ஏறினார்கள். இரண்டாவது பகுதியில் பெண்கள் ஓடத்தான் ஓடினார்கள். ஆண்கள் இழுக்கத்தான் இழுத்தார்கள். மேடத்தின் கையைப் பார்த்து நடுவழியில் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு பிரியவில்லை.

கைதட்டல் ஓயுமுன் மேடம் மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆண்கள் மேல்குரல்ல மூணு பேர் சுருதி இறங்கிப் பாடறாங்க சார். நாலு வருஷமா எங்கிட்ட மாட்டவே இல்ல. அடுத்த மாசம் திரும்ப எல்லாரையும் கூட்டுங்க."

வரலாறு எழுதுகிறவன் நடந்ததை எழுதிவிட்டுப் போய்விடலாம், செயலாளர் மட்டும்தான் அதை இன்னொரு முறை நடத்திக் காட்ட வேண்டும்.