ஒருத்தரும் சாகல்ல

“ஒருத்தரும் சாகல்ல. ஒருத்தரும் சாகல்ல. இது வாற கிழமைக்கான காலநிலை அறிவித்தல்.”

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உதயரூபனின் முச்சக்கரவண்டி வவுணதீவின் ஒழுங்கைகளுக்குள் திரும்பும்போது இப்படித்தான் தொடங்கும். முதல் வசனத்தை இரண்டு தரம் சொல்லுவான். வண்டிக் கூரையில் முன்னும் பின்னுமாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் இரண்டும் பதினொரு வருடமாக மரண அறிவித்தல் சொல்லி வருபவை. அந்த வண்டிச் சத்தம் கேட்டதும் தேங்காய் துருவுகிற கை நிற்கும். கிணற்று வாளி பாதி வழியில் தொங்கும். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் ஆட்களை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அவனிடம் காலநிலையையும் வாசிக்கச் சொன்னது. முதற் கிழமை அவன் “கிழக்கு மாகாணத்தில்” என்று தொடங்கி முடிக்குமுன்பே ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போதும் சுகமாக இருக்கிறார், இவனைக் கண்டால் மட்டும் கதைப்பதில்லை. அன்றிலிருந்துதான் அந்த முதல் வசனம்.

முப்பத்தெட்டு வயது. ஒல்லியான ஆள். சாதாரணமாகக் கதைக்கும்போது குரல் கீச்சென்று ஓடும், பாதிச் சொல்லை விழுங்கிவிடுவான். மைக்கைக் கையில் எடுத்தால் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொள்வான்; நெஞ்சுக்குள்ளிருந்து வேறொரு மனிதர் பேசத் தொடங்குவார். “அந்தக் குரல வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க” என்று மனைவி நிருஷா சொல்லி வைத்திருக்கிறாள். அவனும் கொண்டு போவதில்லை. மைக் வயர் கையில் இருக்கும்போது தன் மகளைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அந்த ஸ்பீக்கரில் அவன் சொல்வது ஓரிடத்தில் மட்டும்: அன்னாரின் மகன், அன்னாரின் மருமகள் என்று வரும் வரிசையில். அங்கேயும் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் குரலைச் சற்றுத் தூக்கி விடுவான். இவர் இருக்கிறார் என்று கேட்பவர்களுக்கு விளங்க வேண்டுமாம்.

போன வருடம் பங்குனி மாதக் கடைசியில், “பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்” என்று திங்களன்று வாசித்தான். புதன்கிழமை பின்னேரம் வட்டை வயல்வெளிக்குள் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற வல்லிபுரத்தின் மேல் மின்னல் விழுந்தது. சின்னப்போக விதைப்புக்குத் தண்ணீர் விட்டிருந்த வயலில் மண்வெட்டி நட்டபடி நின்றதாம். அதே மைக், அதே ஒழுங்கைகள். அன்று மாலை வல்லிபுரத்தின் பெயரை வாசித்தபோது, திங்களன்று ‘சில இடங்களில்’ என்று தான் சொன்னது எந்த இடத்தை என்று உதயரூபனுக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வினோதம். தொலைபேசிக்கு வரும் வானிலைச் செய்தியை அவன் தாளில் எழுதித்தான் வாசிப்பான். தாளை வீணாக்கமாட்டான், பழைய மரண அறிவித்தல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவான். அடுத்த கிழமைக் காலநிலையை வல்லிபுரத்தின் தாளிலேயே எழுதியிருந்தான். சந்திக் கடைப் புஸ்பம் அதைக் கண்டுவிட்டாள். ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வல்லிபுரம். அவள் கண்டது செத்தவீடு முடிந்து ஐந்தாம் நாள். ஆனால் கதை ஊர் சுற்றி வந்தபோது நாள் மாறிவிட்டது. மின்னல் விழுமுன்பே பெயர் எழுதியிருந்தது, இவன் வாசிக்காமல் விட்டான் என்று ஆகிவிட்டது.

இப்போது அவன் புதுத் தாளில்தான் எழுதுகிறான். ஆனாலும் கேட்பார்கள். முடி வெட்டும் இடத்தில், கோயில் வீதியில், பெற்றோல் அடிக்கும்போது, அருகே வந்து மெல்லக் கேட்பார்கள். ஒரு நாள் புஸ்பம் பிளேன்ரீயை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“மனே, வாற கிழமை நான் கிளினிக்குக்குப் போகவா, வேணாமா? பின்பக்கத்தப் பாத்துச் சொல்லு.”

“பின்பக்கம் வெறுந்தாள் மாமி. இஞ்ச பாருங்க.”

அவள் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

“ஓம். இப்ப வெறுந்தாள்தான்” என்றாள்.

அன்றிலிருந்து உதயரூபனும், வாசிக்கத் தொடங்குமுன் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறான்.

இந்த வருடப் பங்குனிக் கடைசிக் கிழமைக்கான தாளில் இப்படி இருந்தது. காற்று குறைவு. வாவி அமைதியாக இருக்கும். புதன் முதல் சனி வரை கடும் மின்னல் தாக்கம் உண்டு, திறந்த வெளிகளில் நிற்க வேண்டாம். வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டு ஐந்துக்கு இந்தப் பகுதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும். வாசித்துக்கொண்டு போனபோது வாவி உண்மையிலேயே தகடுபோலக் கிடந்தது. எட்ட நின்ற தோணியில் ஒருவர் இருமியது காதுக்குள் இருமியதுபோல் கேட்டது.

வேலியடியில் கண்ணகை நின்றாள். வல்லிபுரத்தின் மனைவி. கை காட்டி வண்டியை நிறுத்தினாள்.

“ரூபன், ரதீஸ் வியாழக்கிழம அந்த வயலத்தான் உழப் போறான். தகப்பன் நிண்ட அதே வயல்.”

“மறிச்சுப் பாத்தீங்களா அக்கா?”

“மறிச்சா நிப்பானா? காவல் வாடிக்குள்ளயும் ஒதுங்கமாட்டான், மழை வந்தாலும் உழுவன் எண்டான். நீ அவன்ட பேரச் சேத்து வாசி. அந்தக் குரல்ல கேட்டாத்தான் ஒழும்பி வருவான்.”

“உசிரோட இரிக்கிற புள்ளட பேர நான் எப்பிடி அக்கா வாசிக்கிற?”

கண்ணகை வேலிக் கம்பியைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். “அவருட பேர நீ முன்னுக்கே வாசிச்சிருந்தா வந்திருப்பாரு” என்றாள். அதில் கோபம் இல்லை. கடையில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எழுதியிருக்கவில்லை, யாருக்கும் முன்பே தெரியாது என்று அவன் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் தன் காதுக்கே பொய்போலக் கேட்குமோ என்று பயந்து விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கெல்லாம் அவனுடைய வண்டி வட்டை ஓரத்தில் நின்றது. வானத்தில் பொட்டு முகில் இல்லை. தூரத்தில் ரதீஸ் உழவு மெசினில் வளைந்து வளைந்து வந்தான், பின்னால் கொக்குகள். பன்னிரண்டு மணியாகும்போது உதயரூபன் தொலைபேசியில் அழைத்தான். மெசினை நிறுத்தாமலே ரதீஸ் கத்தினான்.

“ரூபண்ண, வானத்தப் பாருங்க! எங்க உங்கட மழை? பிரேதம் எதுவும் இல்லாத நாளில பொழுது போகல்லயா உங்களுக்கு?”

“ரெண்டு மணிக்குள்ள வீட்ட போ தம்பி.”

“உழுது முடிச்சிப்போட்டுப் போறன்.” தொடர்பு அறுந்தது.

உதயரூபன் கழுத்துப் பொத்தானைப் பூட்டினான். மைக்கை எடுத்தான். கை தன்பாட்டில் எடுத்ததாகவே பிறகு நிருஷாவிடம் சொன்னான்.

“வவுணதீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட வல்லிபுரம் ரதீஸ்...”

பெயரின் கடைசியில் குரலைத் தூக்க மறந்துவிட்டான். அதற்குமேல் எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வரவும் என்று முடிக்கத்தான் நினைத்திருந்தான். அந்தக் குரலுக்கு அந்த வசனத்தை முடிக்க ஒரேயொரு சொல்தான் பழக்கம். அது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். ஸ்பீக்கர்கள் வெறுமனே இரைந்தன.

மெசின் நின்றது. கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. ரதீஸ் இறங்கி, உழுத சேற்றுக்குள்ளால் நேரே நடந்து வந்தான். வரம்பில் ஏறியபோதுதான் உதயரூபன் அதைக் கண்டான். வெயில் கொளுத்துகிறது, வரம்பு வெளுத்துக் கிடக்கிறது, ஆனால் வருகிறவனின் காலடியில் நிழல் இல்லை. மண்ணில் ஒட்டாமல் வருவதுபோல் வந்தான். மணி பன்னிரண்டு ஐந்து. காரணம் அவனுக்குத் தெரியும். அவனேதான் திங்களன்று ஊருக்கெல்லாம் வாசித்தான். தெரிந்தும், குனிந்து தன் காலடியைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

“மிச்சத்தையும் சொல்லுங்களன்!” ரதீஸின் உதடு வெளுத்திருந்தது. “ஏன் பாதியில விட்ட நீங்க?”

உதயரூபன் பின் இருக்கையில் கிடந்த தாள்களை ஒதுக்கி இடம் விட்டான். ரதீஸ் ஏறிக்கொண்டான்.

இரண்டரைக்கு மேற்கே கறுத்தது. ஒரே ஒரு இடி, வாவி முழுவதும் உருண்டது. பிறகு முகில் அப்படியே குருக்கள்மடம் பக்கமாக நகர்ந்துபோனது. வட்டையில் ஒரு துளியும் விழவில்லை.

மாலையில் சந்திக் கடையில் ரதீஸ் பெரிதாகச் சிரித்தான். “மழையும் வரல்ல, நானும் சாகல்ல. ரூபண்ணட ரெண்டு அறிவித்தலும் பிழ!” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் இருந்த மர வாங்கில் வேறு ஒருவரும் வந்து இருக்கவில்லை. புஸ்பம் அவனுக்கு ரீயை நீட்டியபோது, கைபடாமல் மேசையில் வைத்துத் தள்ளிவிட்டாள்.

கண்ணகை உதயரூபனின் வீட்டுப் படலைவரை வந்தாள். உள்ளே வரவில்லை. “என்ட புள்ளயக் கூட்டி வந்து தந்தாய், ஓம். ஆனா அந்த வசனம் பாதியில நிக்குது ரூபன். அத ஒருநாளும் முடிச்சிப்போடாத” என்றாள்.

அடுத்த திங்கள், வருடப்பிறப்புக்கு முதல் நாள். வண்டி முதலாவது ஒழுங்கைக்குப் போகவில்லை. கண்ணகையின் படலைக்கு நேரே போய், எஞ்சின் அணைந்து நின்றது. உதயரூபன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பல்துலக்கியபடி ரதீஸ் வெளியே வந்தான். “நான் இஞ்சதான் இரிக்கன் ரூபண்ண. நீங்க போங்க.”

உதயரூபன் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. வாவிப் பக்கமிருந்து வெயில் சாய்வாக வந்துகொண்டிருந்தது. ரதீஸின் காலடியில் தொடங்கிய நிழல் முற்றத்து மணலைத் தாண்டி வீட்டுச் சுவரில் ஏறும்வரை கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்த்தான். பிறகு கழுத்துப் பொத்தானைப் பூட்டி, வழமையான முதல் வசனத்துக்காக மைக்கின் சுவிட்சைப் போட்டான்.