பெயர் சொல்லாமல் ஒலித்த பாட்டு

ஒலிபெருக்கி நாம் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்கும் என்றே அன்று எங்கள் வீட்டில் நம்பினோம். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம், கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி வந்த கையோடு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு முன்னால் கம்பம் நட்டு, அரசாங்க வானொலியைக் கேட்க அந்த ஒலிபெருக்கியையும் கட்டினார்கள். இரண்டும் ஒன்றாக வந்ததால் அப்பாவுக்குச் சந்தேகம். மாலையில் பாட்டு, செய்தி, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் சரணடைய வேண்டும் என்ற அறிவிப்பு என்று அது முழங்கும்போது எங்களை வாய் திறக்க விடமாட்டார்.

தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசியதற்காக அண்ணனைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பார்க்க அனுமதியில்லை. அம்மா அப்பாவின் நம்பிக்கையை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். வானொலி கேட்க வந்தவர்கள் கலைந்ததும் கம்பத்தடியில் நின்று, மேலே பார்த்து, அண்ணனுக்காக மெல்லிய குரலில் மன்றாடுவாள்.

ஒருநாள் கம்பியைப் பழுதுபார்க்க வானொலி ஊழியர் ஒருவர் வந்தார். அம்மா அவரிடமே கேட்டுவிட்டாள்.

“தம்பி, நான் சொல்றது அங்க கேக்குதா?”

“யம்மா, அது பேசும். கேக்காது.”

அம்மாவின் முகத்தைக் கண்டு அவர் ஏணியிலிருந்து இறங்கினார். “எங்கிட்டச் சொல்லுங்க. எனக்குக் காது இருக்குல்ல.”

கொட்டகைப் படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். விடுதலை தம் கையில் இல்லை, ஒரு பாட்டு மட்டும் போடச் சொல்கிறேன், முகாமிலும் வானொலி இருக்கிறதாம், ஆனால் பெயர் சொல்ல முடியாது என்றார்.

சில நாள் கழித்து அறிவிப்பாளர் சொன்னார்: தோட்டத்தில் காத்திருக்கும் ஒரு தாய்க்காகவும், தூரத்திலிருக்கும் அவருடைய மூத்த மகனுக்காகவும் இந்தப் பாடல்.

சிலர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அடுத்த லயத்து அத்தை எழுந்துவிட்டாள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோன அவளுடைய மகன் திரும்பவே இல்லை.

“எம்மவன் உசுரோடதான் இருக்கான்!”

“யக்கா, ஒம் பேரையா சொன்னான் ரேடியோவுல?” என்று ஒருவர் சிரித்தார்.

“மூத்த மகன்னான்ல? எனக்கு மூத்தவனும் அவன்தான், கடைசியும் அவன்தான்லா!”

அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். வாய் திறக்கவில்லை. அத்தை அழுதபடியே நின்றாள். பாட்டில் ஒரு வரியைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, “அது நம்ம அண்ணனுக்குத்தானேம்மா?” என்றேன்.

“பேசாம நட. நம்ம புள்ள எங்க இருக்கான்னாவது நமக்குத் தெரியும்.”

அண்ணனை முகாமிலிருந்தே கப்பலேற்றி, அவன் கண்டிராத தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டு அவன் காதில் விழுந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. அத்தை சாகும்வரை மகனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். அம்மா அன்று மௌனமாக இருந்தது கருணையா, கொடுமையா என்று எத்தனையோ புத்தகங்கள் படித்த பிறகும் என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. லயங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை நிற்கிறது. அந்தப் பாட்டு யாருக்கானது என்று அறிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.